கண்ணகி நகரிலிருந்து செரினிட்டி வரை: மார்கழியில் ஆறு நாள்

டிசம்பர் 26, 2025, வெள்ளி. திருவான்மியூர்

திண்டிவனத்தில் விடிகாலை ஐந்தரை மணி பஸ். நானும் அண்ணன் மகனும். அவனுக்குப் பதினாலு வயது, அரையாண்டு விடுமுறை. மடியில் ஸ்கேட்போர்டு. கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கால் கிட்ட வச்சுக்கப்பா" என்று சொல்லிப் போய்விட்டார்.

இந்தப் பயணம் அவன் கேட்டது. போனில் பார்க்கிற இடங்களை எல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணகி நகர் சுவர்கள், கோவளம் அலை, மகாபலிபுரத்துக் கடல். எனக்கும் ஆசை இருந்தது. நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. தூரிகை பிடிக்கக் கற்றது கல்லூரியில் அல்ல, சித்தப்பாவிடம். அவர் சுவர் எழுத்துக்காரர். தேர்தல், சினிமா, சிமென்ட், பனியன், உரம் என்று திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே அவர் எழுதாத சுவர் குறைவு. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அவர் கூட்டாளிகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் போகவில்லை.

கிளாம்பாக்கத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறித் திருவான்மியூர் வந்து சேர ஒன்பதரை ஆனது. தோழி வீட்டில் பையை வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். இன்று சுனாமி நாள். காலையில் குப்பத்து ஆட்கள் கடலில் பாலும் பூவும் விட்டிருக்கிறார்கள். அந்தச் சாமந்தியும் ரோஜாவும் அலையோடு திரும்பி வந்து ஈர மணலில் கோடுகோடாகக் கிடந்தன. பையன் சுனாமிக்குப் பிறகு பிறந்தவன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். நாங்களும் ஒரு முழம் பூ வாங்கிப் போட்டோம்.

மாலையில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். அதன் வெளிச்சுவர் முழுக்க மனித முகங்கள். 2021-இல் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக வரைந்தது. சென்னைக்காரர் ஏ-கில், டெல்லிக்காரர் கத்ரா இருவரும் சேர்ந்து வரைந்தார்கள். தெரு ஓவிய அமைப்பான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் பின்னால் இருந்தன. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் முகமும் அதில் உண்டு. யார் அது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அந்தச் சுவரின் பலம். ஒரு வரி வாசகம் எழுதாமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

எதிர்ப்பக்கம் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது, தூசி கண்ணில் விழுகிறது. இவ்வளவு பெரிய மூக்கை எப்படி வளையாமல் வரைவது என்று பையன் கேட்டான். கட்டம் போட்டுத்தான். சின்னத் தாளில் வரைந்த படத்தின் மேல் கட்டம், அதே எண்ணிக்கையில் சுவரிலும் கட்டம். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும். சாரத்தில் நிற்கிறவருக்கு முன்னால் இருப்பது வெறும் கன்னத்துச் சதை மாதிரி ஒரு நிறம். அது முகம் என்று கீழே ரோட்டில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 27, சனி. கண்ணகி நகர்

விடிவதற்குள் போய்விட வேண்டும் என்று ஐந்தே காலுக்கே ஆட்டோ பிடித்தோம். மார்கழி ஆயிற்றே, கோலம் போடுகிற நேரத்தில் அங்கே இருக்க ஆசை.

இந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னையின் கூவம் கரை, அடையாறு கரை, ரயில் பாதை ஓரம் என்று நகரத்துக்குள் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000-இலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து வைத்த இடம் துரைப்பாக்கம் பக்கத்துக் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்களும் வந்தன. பழைய வீடுகள் இருநூறு சதுர அடியைக்கூடத் தொடாதவை. வேலை ஒரு பக்கம், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி. வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் போனவர்கள் பஸ் செலவுக்கே சம்பாதிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஊருக்கு வந்த கெட்ட பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியாவும் ஏசியன் பெயின்ட்ஸும் இந்தக் கட்டடங்களின் பக்கச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டன. நம்ம ஏ-கில், ஸ்பெயினிலிருந்து ஆன்டோன்யோ மாரெஸ்ட், தமிழ்நாட்டில் பிறந்த ஓஷீன் சிவா என்று பலர் வந்து வரைந்தார்கள். பிறகு கோவை உக்கடத்திலும் இதே மாதிரி நடந்தது.

இருட்டில் போய் இறங்கியபோது ஓவியம் எதுவும் தெரியவில்லை. சாணித் தண்ணீர் வாசனையும் துடைப்பச் சத்தமும்தான். தெரு முக்கில் ஓர் அம்மா குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி எட்டு வரைக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு விழுகிற வேகம் மாறவே இல்லை. கோடு முடிகிற இடத்தில் விரலை லேசாக மூடுகிறார், கோடு அறுந்து நிற்கிறது. ஐந்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த விரல்களை மட்டும் பார்த்தேன். நூல் பிடிக்கவில்லை, கட்டம் போடவில்லை, கண்ணே அளவு. வெளிச்சம் வர வர அவருக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்கு நீலமும் மஞ்சளுமாகச் சுவர் எழுந்தது.

"இத வரைஞ்சவங்க வந்தப்ப பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பாக்காம என்ன? மேல இருந்து எட்டி எட்டிப் பாத்துக்குவாங்க, சரியா வந்திருக்கான்னு. நான்தான் கீழ இருந்து சொல்லுவேன், மூக்கு கோணலா இருக்குன்னு. டீ போட்டுக் குடுத்திருக்கேன். ஆறு வருசமாச்சு, பாப்பா இப்ப காலேஜ் போறா."

அந்தப் பாப்பா பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. பார்ட்டைம் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முகவரியில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவாளாம். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கு முன்னால் வேலை தேடிய அக்காக்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ஆனா இப்ப ரெண்டு எடத்துல கண்ணகி நகர்னே எழுதிட்டேன்க்கா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "கார்த்திகா ஜெயிச்ச பிறகு."

கபடி கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கண்ணகி நகர்ப் பெண். ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியிருக்கிறது. சுவருக்கு வண்ணம் அடித்ததில் ஆரம்பித்ததை ஒரு பெண்ணின் கால் முடித்துவைத்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு. ஆனால் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வந்ததால் கிடைத்த பெயரும், சொந்த ஊர்ப் பெண் ஆடிக் கொண்டுவந்த பெயரும் ஒன்றல்ல என்பது அந்தப் பெண்ணின் பேச்சிலேயே இருந்தது.

சுவர்களுக்கு வருவோம். ஆறு வருட வெயிலும் உப்புக் காற்றும் சிவப்பைத் தின்றிருக்கின்றன. நீலம் தாங்குகிறது. ஒரு சுவரில் கழிவுநீர்க் குழாய் ஓவியத்தின் நடுவே மேலிருந்து கீழே இறங்குகிறது. வரைந்தவர் குழாயையும் விடாமல் அதே வண்ணத்தைத் தொடர்ந்து பூசியிருக்கிறார், தூரத்திலிருந்து பார்த்தால் குழாயே தெரியாது. கிட்டப் போனால் இணைப்பில் கசிவு. கசிந்த இடத்தில் சுவர் பச்சையாகி, ஒரு சாண் அகலத்துக்கு வண்ணம் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். கை வைக்க மனசு வரவில்லை. குழாயைச் சரிசெய்யாமல் சுவருக்கு வண்ணம் நிற்காது. இங்கே இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

பையன் அதற்குள் உள்ளூர்ப் பசங்களோடு ஐக்கியமாகிவிட்டான். போர்டை வாங்கி மாறி மாறி ஏறினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய ஒரு சின்னப் பெண், விழவே இல்லை. அவளைக் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருக்கும் என்று நினைத்த பையன் பக்கத்திலேயே ஓடினான்.

புறப்படும்போது அந்த அம்மாவின் கோலத்துக்கு நடுவில் பூசணிப் பூ இருந்தது. அடுத்த முறை இந்தச் சுவர்களுக்கு வண்ணம் அடிக்கும்போது இந்தத் தெருவின் கைகளும் சாரம் ஏற வேண்டும். இவ்வளவு நல்ல கை இங்கே இருக்கிறது.

டிசம்பர் 28, ஞாயிறு. கோவளம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் தர்கா, மாதா கோயில், மீன் மார்க்கெட், அப்புறம் கடல். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று 2021-இல் கிடைத்த கடற்கரை ஒரு பக்கம். நாங்கள் போக வேண்டியது படகுகள் நிற்கும் பக்கம்.

கோவளம் சர்ஃபிங்கின் கதை மூர்த்தி மேகவனிலிருந்து தொடங்குகிறது. இந்த ஊர் மீனவர். சிறுவயதில் உடைந்த ஜன்னல் பலகையை எடுத்துக்கொண்டு அலையில் சறுக்கியவர். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. பிறகு ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்கரை இந்தக் கரையில் சந்திக்கிறார். கர்நாடகத்தின் முல்கியில் ஆசிரமம் வைத்து சர்ஃபிங் கற்றுக்கொடுத்தவர், 'சர்ஃபிங் சுவாமி' என்பார்கள். அவருடைய போர்டில் கொஞ்ச நேரம் ஏறிப் பார்த்ததுதான் மூர்த்தியின் முதல் நிஜப் போர்டு. 2012-இல் அருண் வாசு, யோதம் அகம் ஆகியோரின் துணையோடு கோவ்லாங் பாயின்ட் சர்ஃப் பள்ளி வந்தது. அடுத்த வருடம் சர்ஃப் திருவிழா. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ்கூட அலையேற வந்திருக்கிறார். இன்று இங்கே கற்றுக்கொடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் குப்பத்துப் பிள்ளைகள். அப்பா படகில் போகிறார், பிள்ளை போர்டில் போகிறான்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலைப் பார்த்துப் பயம் இல்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்தது வேறு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தம்பிக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் அவசரப்பட்டான். அவர் கையைக் காட்டினார்.

"அந்த எடத்துல அலை உடையல பாரு. அமைதியா இருக்குல்ல?"

"ஆமாண்ணா."

"அங்கதான் இழுக்கும். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போவுது. மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தாத. சைடுல நீந்து, அலை உடையிற பக்கமா வா. அலையே உன்னக் கொண்டாந்து விட்டுரும்."

கடற்கரைக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய பாடம். வெளியூரிலிருந்து வந்து மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த அமைதியான இடத்தைத்தான் தேடி இறங்குகிறார்கள்.

பிறகு மணலில் பாடம். பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகில் லேசாகத் தள்ளினார். வலது கால் முன்னே போனது. "கூஃபி" என்றார். வலது காலை முன்னே வைத்து நிற்கிறவர்களுக்கு அந்தப் பெயர், இடது காலை வைப்பவர்கள் ரெகுலர். ஸ்கேட்போர்டிலும் அதே பெயர்கள். பையனுக்கு அதில் ஒரே சந்தோஷம், ஏற்கெனவே தெரிந்த பாஷை. கயிற்றைப் பின்காலில் கட்டுவது, நெஞ்சை உயர்த்தித் துடுப்புப் போடுவது, விலா எலும்புப் பக்கத்தில் கை ஊன்றி ஒரே மூச்சில் எழுவது. மணலில் இருபது முறை எழுந்திருப்பான்.

கடலில் மார்கழி வாடைக் காற்று. அலை சின்னது, ஆனால் கலைந்து கலைந்து வருகிறது. நல்ல அலை சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் தெற்கிலிருந்து வருவதுதான் என்றார் தம்பி. தூரத்தில், நடு சமுத்திரத்தில் காற்று எழுப்பும் நீர், நாள் கணக்கில் பயணம் செய்து வரும்போது தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. அதனால் அந்த மாதங்களில் அலை வரிசையாக, இடைவெளி விட்டு வரும். இப்போது வருவது பக்கத்துக் காற்று கிளப்பியது, அதற்கு ஒழுங்கு இல்லை.

பதினோராவது அலையில் பையன் நின்றான். மூன்று விநாடி இருக்கும். முழங்கால் மடங்கி, கை இரண்டும் விரிந்து, வாய் திறந்தபடி. நான் கரையில் இருந்து கத்திய கத்தலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நாங்க கட்டுமரத்துல நின்னுக்கிட்டே வருவோம்மா, ரெண்டு ஆள், மீனோட. இவன் தனியா வரான், நல்லாருக்கு" என்றார். அப்புறம் நானும் இறங்கினேன். நிற்கவில்லை, படுத்தபடியே ஒரு அலையோடு கரைவரை வந்தேன். காதுக்குப் பக்கத்தில் நுரை இரைகிற சத்தம் இப்போதும் கேட்கிறது.

பழைய கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். வஞ்சிரம் வறுவல், சங்கரா குழம்பு. ஏழு மணிக்கே தூங்கிவிட்டான்.

டிசம்பர் 29, திங்கள். மாமல்லபுரம்

நேற்றைய அலை தோளில் இருக்கிறது. கையைத் தூக்கித் தலை வாரவே கஷ்டம்.

2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. 2026-இல் ஜப்பானில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அது தகுதிச் சுற்றும்கூட. ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார். தனிநபராக இந்தியருக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம். அவர் அலையேறிய கடலின் கரையில் பையனை நிறுத்திப் படம் எடுத்தேன்.

கமலி மூர்த்தியும் இந்த ஊர்தான். மீனவக் குடும்பத்துப் பெண். குழந்தையாக இருக்கும்போதே ஸ்கேட்போர்டு ஏறியவர். வெள்ளை கவுன் போட்டு, வெறுங்காலில் போர்டில் நிற்கிற அவருடைய படத்தை எடுத்தவர் அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தாமஸ். பிரபல ஸ்கேட்டர் டோனி ஹாக் அதைப் பகிர்ந்ததும் உலகமே பார்த்தது. அவரையும் அவருடைய அம்மாவையும் பற்றி எடுத்த குறும்படம் 2020-இல் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவின் பரிந்துரை வரை போனது. இப்போது கமலி தேசிய அளவில் போட்டியிடும் சர்ஃபர். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த விளையாட்டு, விழுந்து கை கால் போனால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்ட ஊர்ப் பேச்சை எல்லாம் அந்த அம்மா காதில் வாங்காமல் நின்றதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப்படுகிறது. என் வகுப்பில் நன்றாக வரைகிற பெண்கள் எட்டாம் வகுப்போடு வரைவதை நிறுத்துவதை வருடா வருடம் பார்க்கிறேன். பின்னால் நிற்க ஓர் அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

அலையிலிருந்து தரைக்கு வந்த விளையாட்டுதான் ஸ்கேட்டிங். 1950-களில் கலிஃபோர்னியாவில் அலை இல்லாத நாள்களில் சர்ஃபர்கள் பலகைக்கு அடியில் சக்கரம் மாட்டி ரோட்டில் ஓட்டினார்கள். முதலில் இரும்புச் சக்கரம், பிறகு களிமண்ணால் செய்தது. சின்னக் கல் மாட்டினாலே ஆள் தூக்கி எறியப்படுவார். 1970-களில் யூரித்தேன் சக்கரம் வந்தபிறகே தரையைக் கவ்விப் பிடித்து ஓட ஆரம்பித்தது. கையால் தொடாமல் போர்டோடு எகிறிக் குதிக்கிற 'ஆலி' அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஆலன் கெல்ஃபண்ட் என்ற பையன் கண்டுபிடித்தது. இந்த விவரமெல்லாம் அண்ணன் மகன் வெண்ணெய் உருண்டைப் பாறை நிழலில் உட்கார்ந்து பேரிங்கில் இருந்து மணலைத் தட்டி எடுத்துக்கொண்டே சொன்னது. பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காற்றில் சக்கரத்தைச் சுற்றி, காதருகில் வைத்துச் சத்தம் கேட்கிறான். கரகரத்தால் இன்னும் மணல் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இந்த ஊரில் முக்கியமான இடம் அர்ச்சுனன் தபசு. ஒரு பெரிய பாறை முகம் முழுக்கச் சிற்பம். கூரை இல்லை, கதவு இல்லை, டிக்கெட் வாங்காமல் ரோட்டில் நின்றே பார்க்கலாம். பாறையில் இயற்கையாக இருந்த பிளவை நதியாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டிருக்கிறார்கள். கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும் அதை நம்பி வந்த எலிகளையும் பார்த்துப் பையன் சிரித்தான். பாறையின் குறையைப் படத்தின் உயிராக்குவது எவ்வளவு பெரிய புத்தி. கண்ணகி நகரில் குழாயை மறைத்தார்கள். பல்லவச் சிற்பி பிளவை மறைக்கவில்லை.

அதைவிட என்னை நிறுத்தியவை முடிக்காமல் விட்ட குடைவரைகள். பாறை முகத்தில் முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். பிறகு கட்டத்துக்கு நடுவே நிற்கிற சதுரக் கல்லை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். வேலை நின்றுபோன இடத்தில் அந்தச் சதுரங்கள் தேன்கூடு மாதிரி அப்படியே இருக்கின்றன. சித்தப்பாவின் நூல் அடித்த சுவர், இந்திரா நகர்ச் சாரம், இது, எல்லாமே கட்டம். வெட்டிய பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஓரம் இன்னும் கூராக இருக்கிறது.

அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நின்றபடியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "கட்டம் போட்டிருக்காங்களா? பின்ன எப்படிம்மா போடுவாங்க?" என்றார். சுவர் ஒன்று பேசியாகிவிட்டதாம், புதன்கிழமை வெள்ளையடிக்கிறாராம், பையனையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

டிசம்பர் 30, செவ்வாய். செரினிட்டி கடற்கரை

புதுச்சேரி பஸ்ஸில் கோட்டக்குப்பத்தில் இறங்கினால் தந்திராயன்குப்பம் பக்கம். அதைத்தான் செரினிட்டி பீச் என்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் தடுப்புகளுக்கு நடுவே அலை அழகாக மடிகிறது. ஆரோவில் பக்கத்து ஸ்பானியச் சகோதரர்கள் நடத்தும் கல்லியாலே சர்ஃப் பள்ளி பல வருடமாக இங்கே இருக்கிறது.

இந்த அலை வந்த கதை எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடற்கரை கரைந்தது. நகரத்துக்கு முன்னால் கல் கொட்டினார்கள், அரிப்பு அடுத்த ஊருக்குப் போனது. அங்கேயும் கல் கொட்டினார்கள், அதற்கடுத்த ஊர். அப்படி வந்த கல்தான் இது. 2018-இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபிறகு புதுச்சேரி நகரத்துக்குக் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

படகை இழுத்து வைக்கவும் இடமில்லை என்று ஒரு அண்ணன் சொன்னார். அதே அண்ணனின் மகன் தண்ணீரில் இருந்தான், நல்ல போர்டில், நல்ல அலையில். அப்பா அவனைப் பார்த்துக்கொண்டே பேசினார். முகத்தில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவருடைய மகன் இந்தக் கரையை விட்டு வேறு வேலைக்குப் போய்விடாமல் வைத்திருப்பது அந்த அலைதான் என்று அவரே சொன்னார்.

மாலையில் புதுச்சேரி ஒயிட் டவுன் சுவர்களைச் சுற்றிப் பார்த்தோம். அழகுதான், ஆனால் கல்யாணப் போட்டோ எடுப்பதற்கென்றே வரைந்தவை நிறைய. கண்ணகி நகரைப் பார்த்த கண்ணுக்கு அங்கே நிற்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 31, புதன். திண்டிவனம்

செஞ்சி ரோட்டில், நெல் மண்டிக்குப் பக்கத்துச் சுவர். சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிய சுவர். கேட்காமல் எழுதுவது சித்தப்பாவிடம் கிடையாது. தேர்தல் நெருங்குகிறது, ஊரெங்கும் சுவர் பிடிக்கிற நேரம். சுண்ணாம்பில் கொஞ்சம் வஜ்ரப் பசையும் நீலமும் கலந்து இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்திருந்தார்.

"வாடா, அந்தப் பக்கம் பிடி" என்று நூலின் ஒரு நுனியைப் பையனிடம் கொடுத்தார். நூல் நீலப் பொடியில் தோய்த்தது. இருவரும் இழுத்துப் பிடிக்க, சித்தப்பா நடுவில் இரண்டு விரலால் சுண்டினார். டப் என்று ஒரு சத்தம். எட்டடி நீளத்துக்கு நேர்கோடு விழுந்தது. பையன் வாயைத் திறந்தபடி நின்றான், கோவளத்துப் பதினோராவது அலையில் நின்ற மாதிரி.

மதியம் வரைக்கும் வேலை. 'ழ' எழுதும்போது மட்டும் சித்தப்பா பேசமாட்டார். பட்டை பிரஷ்ஷை மேலிருந்து இறக்கி, வளைவில் பிடியைத் திருப்பி, கீழே கொண்டுவந்து வாலை இழுத்து விடுவதற்குள் மூச்சு விடுவதில்லை. எழுபதை நெருங்குகிறார், கை ஆடவில்லை.

சாப்பிட்ட பிறகு பையன் தயங்கித் தயங்கி ஸ்கேட்போர்டைக் கவிழ்த்துத் திண்ணையில் வைத்தான். அடிப்பக்கம் வெறும் பலகை, நாலு இடத்தில் உராய்ந்த கோடு.

"சின்னத் தாத்தா, இதுல எழுதித் தரீங்களா?"

"என்ன எழுதணும்? உன் பேரா?"

"இல்ல. நம்ம ஊர் பேரு."

சித்தப்பா பலகையைத் தடவிப் பார்த்தார், நீளத்தைச் சாண் போட்டு அளந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார். சின்ன நூலை எடுத்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு சுண்டினார். எனாமல் டப்பாவைத் திறந்து, ஆறாம் நம்பர் பிரஷ்ஷை எடுத்து முனையை விரலால் கூராக்கி, எழுதாமல் பையனிடம் நீட்டினார்.

"ஆறு எழுத்து. ஓரத்துலேர்ந்து தொடங்கினா கடைசில எடம் பத்தாது. நடுவுலேர்ந்து போ. மொதல்ல 'டி' போடு, அந்தப் பக்கம் 'வ'."